இரு பணியறைகளும் ஒரு தீவும்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'வடபுல இலக்கியத்தில் இயற்கை' என்னும் தலைப்பைத்தான் செயலாளர் முதலில் எனக்குக் குறித்துத் தந்தார். அரைமணி நேரத்தில் அடங்கும் பொருளன்று அது. ஆகவே அதைச் சுருக்கி, குளிர் மிகுந்த வடநாடு ஒன்றில் இணைந்து வாழ்ந்த இருவரின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் பேச இசைவு கேட்டேன். 'இலக்கிய வட்டத்தில் குடும்பக் கதையா?' என்று சிரித்துக்கொண்டே இசைந்தார். குடும்பக் கதைதான். எழுதுகிறவர்களின் குடும்பக் கதை.

நாடு பின்லாந்து. ஒருவர் தூவே யான்சன். 1914இல் ஹெல்சிங்கியில் பிறந்தவர், ஓவியர், மூமின் என்னும் கற்பனை உயிர்களைப் படைத்து உலகக் குழந்தைகள் அனைவர்க்கும் உறவானவர், பின்னாளில் பெரியவர்களுக்கான சிறுகதைகளும் நாவல்களும் சுவீடிய மொழியில் எழுதியவர். மற்றவர் தூலிக்கி பியெட்டிலா. 1917இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்து பின்லாந்தில் வளர்ந்தவர். உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் ஓவியக்கலையில் அந்நாட்டின் முன்னோடிகளுள் ஒருவர். 'தூலிகை' என்றால் ஓவியன் கைத் தூரிகை என்று அறிந்த நமக்கு இப்பெயர் காதுக்கு இனிக்கிறது. ஆனால் பின்னிய மொழியில் 'தூலி' என்றால் காற்று. ஓவியருக்கு இப்பெயர் வாய்த்ததைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எனினும் விட்டுத்தான் ஆகவேண்டும்.

இருவரும் பெண்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் அவையோருள் சிலர் அவ்விடத்திலேயே நின்றுவிடக்கூடும். இத்தகைய உறவைப் பின்லாந்துச் சட்டம் 1971 வரை குற்றமெனவே கருதிற்று. அவர்களோ 1956 முதல் இணையாகவே வாழ்ந்தார்கள். பறைசாற்றிக்கொண்டதும் இல்லை, மறைந்து திரிந்ததும் இல்லை. 1992இல் நாட்டின் விடுதலை நாள் விருந்துக்குக் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் இருவரும் சேர்ந்தே சென்றார்கள். யான்சன் 2001இல் மறையும்வரை, ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள், அந்தத் துணைமை நீடித்தது. பியெட்டிலா 2009இல் மறைந்தார்.

இவர்களை இந்த மேடைக்கு நான் அழைத்துவரக் காரணம் நம் வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் நம் முதற்கூட்டத்தில் கவிதை படித்த பெண்கள் மூவர். அவர்களுள் இருவர் இன்று எழுதுவதில்லை. ஒருவர் திருமணத்துக்குப் பின் நிறுத்தினார். மற்றவர் இரண்டாம் குழந்தைக்குப் பின். இவ்விழாவுக்கு அவர்களுக்கு அழைப்பிதழ் போயிற்றா என்று செயலாளரைக் கேட்டேன். போயிற்று என்றார். யார் பெயருக்கு என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, கணவர்களின் பெயருக்கு என்றார். அவரைக் குறைகூறி இதைச் சொல்லவில்லை. முகவரிகளைத் திரட்டிக் கொடுத்தவர்களுள் நானும் ஒருவன்.

இல்லறம் கவிதையைத் தின்றுவிடும் என்பது நம்மிடையே ஓயாது கேட்கும் முறையீடு. ஆண் கவிஞர்களும் இதைச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது எனக்குச் சற்றே நகைப்பு வரும். நம் அகப்பாடல்கள் களவையும் பிரிவையும் பாடிய அளவுக்குச் சேர்ந்திருந்து கழிக்கும் ஒரு சாதாரண நாளைப் பாடியதில்லை. குறுந்தொகையில் கூடலூர் கிழாரின் பாட்டொன்று மோர்க்குழம்பு சமைத்த மனைவியையும் அதை உண்ட கணவனையும் நமக்குக் காட்டுகிறது. அதனாலேயே அப்பாட்டை நாம் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகிறோம். எடுத்துக்காட்ட வேறு பல இல்லை.

யான்சனும் பியெட்டிலாவும் நெருங்கியது 1955இல், கலைஞர்கள் கூடிய ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், இசைத்தட்டுப் பெட்டியின் அருகே. ஓவியப்பள்ளி நாள்களிலேயே ஒருவரையொருவர் அறிந்தவர்கள்தாம். அப்போது யான்சனின் வாழ்க்கை ஒருவகையில் உச்சத்திலும் ஒருவகையில் பாதாளத்திலும் இருந்தது. 1954 முதல் லண்டன் மாலை நாளேடு ஒன்றுக்கு மூமின் படக்கதையை நாள்தோறும் வரைந்து கொடுத்துவந்தார். புகழ் வந்தது, பணம் வந்தது, ஓவியத்துக்கு நேரம் போயிற்று. தாம் படைத்த உயிர்களையே வெறுக்கும் நிலைக்கு அவர் வந்துவிட்டிருந்தார்.

அச்சோர்விலிருந்து பிறந்தது 1957இல் வெளிவந்த மூமின்களின் குளிர்கால நூல். குளிர்காலம் முழுதும் உறங்கும் இயல்புடைய மூமின் குட்டி, நடுவில் விழித்துக்கொள்கிறது. வீட்டார் அனைவரும் உறக்கத்தில். வெளியே அது கண்டறியாத வெண்மை. அங்கே பனியால் செய்த விளக்கொன்றின் அருகே கோடுபோட்ட சட்டை அணிந்த ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். பெயர் டூ-டிக்கி. அவள் மூமினுக்கு ஆறுதல் மொழிகள் சொல்வதில்லை; பனிக்கட்டிக்கு அடியில் மீன் பிடிக்கிறாள்; தன் வேலையைப் பார்க்கிறாள்; கேட்டால் கேட்டதற்கு விடை தருகிறாள். இருளுக்குள் இருந்துகொண்டே வாழக் கற்றுத்தரும் இப்பாத்திரத்துக்கு முன்மாதிரி பியெட்டிலா. துணையாக வந்தவர்க்கு ஒரு படைப்பாளி செலுத்தக்கூடிய நன்றிகளுள் இதனினும் சிறந்தது எனக்குத் தெரியவில்லை.

அக்குளிர்காலத்தைப் பற்றி ஒரு சொல். 'பனி' என்று நாம் சொல்வது மார்கழி விடியலில் வைக்கோற்போரை நனைக்கும் ஈரத்தை. முன்பனி, பின்பனி என்று பொழுதுகளுக்கே அதன் பெயரை இட்டோம். உறைந்து கல்லாகும் பனிக்கு நம்மிடம் தனிச்சொல் இல்லை. உறைபனி, வெண்பனி என்று அடைகொடுத்துச் சமாளிக்கிறோம். ஹெல்சிங்கியோ ஏறத்தாழ அறுபதாம் வடகோட்டில் இருப்பது. மார்கழித் தொடக்கத்தில் அங்கே பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. கடுங்குளிர் ஆண்டுகளில் கடல் உறைந்து தரையாகிறது. கோடையின் நடுவிலோ இரவு முழுதாக இருள்வதே இல்லை. இத்தகைய நாட்டில் இருவர் ஒரே கூரையின்கீழ் ஆறு மாதம் அடைந்து கிடக்க வேண்டுமாயின், அன்பு மட்டும் போதாது. ஓர் ஏற்பாடும் வேண்டும்.

அந்த ஏற்பாட்டைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச வந்தேன். யான்சனின் பணியறை ஹெல்சிங்கியில் உல்லன்லின்னங்காட்டு என்னும் தெருவில் உயர்ந்த கோபுர அறை. போர்க்காலத்தில், 1944இல், அவர் அதற்குக் குடிபுகுந்தார். பியெட்டிலாவின் வீடும் பணியறையும் அதே கட்டடத் தொகுதியில் அடுத்த தெருவைப் பார்த்த பக்கம். இரண்டுக்கும் இடையே கூரைக்குக் கீழே ஒரு மச்சு. அதன் வழியே ஒரு நடை. மழையிலும் பனியிலும் தெருவில் இறங்காமல் அந்நடை வழியே ஒருவரிடம் ஒருவர் போய்வரலாம். இருவரும் பகலெல்லாம் தத்தம் அறையில் தனித்து உழைத்தார்கள். மாலையில் யாரேனும் ஒருவர் மச்சைக் கடந்து வருவார். ஒரே வீட்டில் வாழ வசதியிருந்தும் இவ்வாறே நாற்பதாண்டுகளுக்கு மேல் கழித்தார்கள்.

1989இல், எழுபத்தைந்து வயதில், யான்சன் இவ்வாழ்க்கையையே சிறு சிறு கதைகளாக எழுதினார். சுவீடிய மொழியில் அந்நூலின் பெயர் 'ரென்ட் ஸ்பேல்'. 'நேர்மையான ஆட்டம்' என்று தமிழாக்கலாம். மாரி எழுத்தாளர், யோன்னா ஓவியர். துறைமுகத்தை அடுத்த பெரிய கட்டடத்தின் இரு முனைகளில் வாழ்கிறார்கள். நடுவே பூட்டிய கதவுகள் நிறைந்த மச்சு. பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஒரு காலையில் யோன்னா வந்து, மாரியின் சுவரில் உள்ள படங்களையெல்லாம் கழற்றி வேறு ஒழுங்கில் மாட்டத் தொடங்குகிறாள். மாலைகளில் தொலைக்காட்சியிலிருந்து பதிவுசெய்து வைத்த திரைப்படங்களைச் சேர்ந்து பார்க்கிறார்கள். யோன்னாவுக்கு இரண்டாந்தரக் குதிரைவீரர் படங்களில் தீராக் காதல். மாரிக்கு அவற்றின்மேல் ஐயம். கடல்மேல் பனிமூட்டத்தில் திசை தவறிய படகில் அமர்ந்து, தத்தம் தாயரைப் பற்றிச் சச்சரவிடுகிறார்கள். படிக்கும்போது, 'இதையெல்லாம் எழுதலாமா?' என்று முதலில் தோன்றும். பிறகு, 'இதை ஏன் நாம் எழுதவில்லை?' என்று தோன்றும்.

அன்பர்களே, அந்த மச்சு நடையைப் பற்றிப் படித்த இரவில் எங்கள் வீட்டுப் பரணை நினைத்துக்கொண்டேன். என் துணைவியார் கல்லூரி நாள்களில் நீர்வண்ண ஓவியம் தீட்டியவர், பரிசும் பெற்றவர். மணமாகி வந்தபோது ஒரு வண்ணப்பெட்டி கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் அது பரணுக்குப் போய், கொலுப்பொம்மைப் பெட்டிக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவே தங்கிவிட்டது. எவரும் அதை அங்கே வைக்கச் சொல்லவில்லை; கீழே வைக்க இடமில்லை, அவ்வளவுதான். என் எழுத்து மேசையை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அவருக்கென ஒரு மேசை உண்டா என்னும் கேள்வி முப்பதாண்டுகளில் எனக்கு எழவே இல்லை. இவ்வுரைக்குக் குறிப்பெடுக்கும்போது வெட்கத்தோடு அவரிடம் இதைச் சொன்னேன். பெட்டியை இறக்கிப் பார்த்தோம். வண்ணங்கள் காய்ந்து வெடித்திருந்தன. புதியன வாங்கித் தருகிறேன் என்றேன். 'வண்ணம் கிடக்கட்டும். முதலில் அந்த மேசையில் பாதியை ஒழித்துக் கொடுங்கள்' என்றார். இன்னும் முழுதாக ஒழித்தபாடில்லை.

இனித் தீவுக்கு வருகிறேன். ஹெல்சிங்கிக்குக் கிழக்கே பெல்லிங்கே தீவுக்கூட்டத்தின் வெளிவிளிம்பில், திறந்த கடலைப் பார்த்துக் கிடக்கும் பாறை குளோவ்ஹாரு. சுற்றிவரச் சில நிமிடங்கள் போதும். மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நடுவே பிளந்து ஒரு சிறு நீர்நிலை. 1964 இலையுதிர்காலத்தில் அங்கே வீடு கட்டத் தொடங்கினார்கள். உதவிக்கு வந்தவர் புருன்ஸ்ட்ரோம் என்னும் கடலோடி. முறையான அனுமதி கைக்கு வருமுன்பே தொடங்கிவிடுமாறு தூண்டியவரும் அவரே. உத்தரம் ஏறிவிட்ட வீட்டை இடிக்கச் சட்டம் இடந்தராது என்பது அவர் கண்டுபிடித்த வழி. வெடிவைத்துப் பாறையைப் பிளந்து நிலவறைக்கு இடம் செய்தார்கள். வீட்டின் வரைபடத்தில் பியெட்டிலாவின் தம்பி ரைமாவும் அவர் மனைவி ரைலியும் கைகொடுத்தார்கள். அவ்விருவரும் பேர்பெற்ற கட்டடக்கலை இணையர். புதுதில்லியில் உள்ள பின்லாந்துத் தூதரகக் கட்டடம் அவர்கள் படைப்பே.

வீடென்றால் ஒரே அறை. நான்கு திசைக்கும் ஒவ்வொரு சன்னல். மின்சாரமில்லை, குழாய்நீர் இல்லை. மழைநீரைப் பிடித்துவைத்தார்கள். அலை கொண்டுவந்து ஒதுக்கும் மரங்களை அறுத்து அடுப்பெரித்தார்கள். வலைபோட்டு மீன் பிடித்தார்கள். பூனைக்கும் அதில் பங்கு. விருந்தினர் வந்தால் வீட்டை அவர்களிடம் விட்டுவிட்டு இருவரும் கூடாரத்தில் உறங்கினார்கள். விருந்தினர் இல்லாதபோதும் கூடாரமே அவர்களுக்கு விருப்பம். யான்சனுக்குக் கற்களை உருட்டி இடம்மாற்றுவதில் குழந்தைத்தனமான ஆசை. பியெட்டிலாவுக்கு உளியும் மரமும் கருவிகளும். படகின் பெயர் விக்டோரியா. அரசியார் நினைவாக அன்று. இருவரின் தந்தையர்க்கும் விக்டர் என்றே பெயர். ஒரே பெயரால் இரு தந்தையரும் நிறைவுற்றதை எண்ணி நான் சிரித்ததுண்டு. நம் வீடுகளில் பேரனுக்குப் பெயரிடுவதில் எத்தனை வழக்குகள்!

தீவிலும் வேலை நிற்கவில்லை. உலகெங்குமிருந்து குழந்தைகள் எழுதும் கடிதங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 வந்தன. யான்சன் விடை எழுதிக்கொண்டே இருந்தார். 1972இல் வந்த அவருடைய 'கோடை நூல்' ஒரு பாட்டியும் பேத்தியும் சிறு தீவில் கழிக்கும் நாள்களைச் சொல்வது. தாயை 1970இல் இழந்த துயரம் அதன் அடியில் ஓடுகிறது. ஆனால் எங்கும் அழுகை இல்லை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று படித்த நமக்கு, கரையில் நின்று எவருக்காகவும் ஏங்காமல், வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே துயரத்தைக் கடக்கும் இந்த நெய்தல் புதியது.

அவர்கள் பொழுதுபோக்குகளைச் சொல்லாமல் விட்டால் அவர்களைத் துறவிகள் என்று நீங்கள் கருதிவிடுவீர்கள். 1971இல் இருவரும் உலகப் பயணம் புறப்பட்டு ஜப்பான், ஹவாய், அமெரிக்கா, மெக்சிகோ என்று எட்டு மாதம் சுற்றினார்கள். ஜப்பானில் பியெட்டிலா ஒரு கோனிக்கா திரைப்படக் கருவி வாங்கினார். அதற்குப் பிறகு அவர் கை ஓயவில்லை. தெருக்கள், குப்பைமேடுகள், கல்லறைகள், அலைகள், கல்லுருட்டும் யான்சன், பாறைமேல் ஆடும் யான்சன் எல்லாம் சிறு படச்சுருளில் ஏறின. தமக்காக எடுத்த அப்படங்களிலிருந்து பின்னாளில் ஆவணப்படங்கள் உருவாயின. தீவைப் பற்றியது 1998இல் வந்தது. மூமின் வீட்டை இரண்டரை மீட்டர் அளவு உயரத்தில் மரத்தால் கட்டியதும் இவர்களின் மாலைநேர விளையாட்டே. மருத்துவ நண்பர் ஒருவரும் அதில் சேர்ந்துகொண்டார். இன்று தாம்பரே நகர அருங்காட்சியகத்தில் அது காட்சியில் இருக்கிறது. நாம் இலக்கிய நண்பர்கள் கூடினால் பேசுகிறோம், பேசுகிறோம், தேநீர் அருந்திவிட்டு மீண்டும் பேசுகிறோம். கையால் எதையேனும் செய்துகொண்டே கூடியிருக்கலாம் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை.

'நேர்மையான ஆட்டம்' நூலின் கடைசிக் கதைக்கு வருகிறேன். என் உரைக்கு அதுவே நடுநாயகம். யோன்னாவுக்கு ஒரு கடிதம் வருகிறது. பாரிசில் ஓராண்டுக்கு ஒரு பணியறை. அங்கே அவள் தனியாகத் தங்கிப் பணியாற்ற வேண்டும். யோன்னா தயங்குகிறாள், மாரியை எப்படி விட்டுச்செல்வது? மாரிதான் போ என்கிறாள். அதோடு நிற்பதில்லை. தனக்கும் ஓராண்டுத் தனிமை கிடைக்கப்போகிறதே என்னும் எண்ணம் அவளுக்குள் மெல்ல எழுகிறது. அது அவளுக்கு மகிழ்ச்சி தருகிறது. அன்பு உறுதியாக இருப்பவர்களுக்கே இந்த உரிமை வாய்க்கும் என்று அவள் உணர்கிறாள். நம் மரபில் பொருள்வயிற் பிரிவும் உண்டு, ஓதற்பிரிவும் உண்டு. பிரிந்து போகிறவன் ஆண், வாடியிருப்பவள் பெண். பிரியும் துணையை மகிழ்ந்து வழியனுப்பிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு எந்தத் திணையில் இடம் தருவோம்? நம் கவிஞர்களிடமே இக்கேள்வியை விட்டுவிடுகிறேன். எனக்கு விடை தெரியாது.

இருவரும் எப்போதும் இனிமையாக இருந்தார்கள் என்று சொன்னால் அது பொய்யாகும். அக்கதைகளில் பொறாமை உண்டு; மூன்றாமவர் வந்தால் முகம் கறுப்பது உண்டு; ஒருவர் படைப்பை மற்றவர் இரக்கமின்றித் திருத்துவதும் உண்டு. ஆனால் ஒருவர் உழைக்கும்போது மற்றவர் கதவைத் தட்டுவதில்லை. இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தீவில் ஏறத்தாழ முப்பது கோடைகள் கழிந்தன. 1990களின் தொடக்கத்தில், எழுபதுகளில் இருந்த இருவரும் அதை விட்டு நீங்க முடிவுசெய்தார்கள். வலையை இழுக்கக் கைவலிமை குறைந்தது. கூரை ஏறிப் புகைபோக்கியைத் துப்புரவாக்க முடியவில்லை. இவற்றையெல்லாம் பொறுத்திருப்பார்கள். ஆனால் இறுதிக் கோடையில் யான்சனுக்குக் கடலைக் கண்டு அச்சம் வந்துவிட்டது. வாழ்நாள் முழுதும் புயலை ஓடிச்சென்று வரவேற்றவர் அவர். பேரலை என்றால் களிப்பு என்றிருந்தது போய், படகு என்ன ஆகுமோ என்னும் கவலையாகிவிட்டது. இதைத் தாம் கடலுக்குச் செய்த துரோகம்போலவே அவர் உணர்ந்து எழுதியிருக்கிறார். 1996இல் வந்த 'ஒரு தீவிலிருந்து குறிப்புகள்' என்னும் அந்நூலில் உரைநடை யான்சனுடையது, படங்கள் பியெட்டிலாவுடையவை, இடையிடையே புருன்ஸ்ட்ரோமின் வறண்ட நாட்குறிப்புகள். துணைவர் இருவரும் சேர்ந்து செய்த நூல்களுள் இவ்வளவு குறைவாகப் பேசி இவ்வளவு சொல்வதை நான் கண்டதில்லை.

புறப்படுமுன் வீட்டை ஒழுங்குசெய்தார்கள். அடுத்து வருவோர்க்கு உதவியாக, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எதை எப்படிப் பயன்படுத்துவது என்று குறிப்புகள் எழுதிவைத்தார்கள். வீட்டை உள்ளூர் மரபுச் சங்கத்தின் பொறுப்பில் விட்டார்கள். மூட்டை கட்டும்போது பழைய காற்றாடி ஒன்று அகப்பட்டது; பியெட்டிலாவுடையது. வெளியே எடுத்துச் சென்றபோது காற்று அதைத் தூக்கிக்கொண்டது. அது திரும்பி வரவில்லை. பின்லாந்து வளைகுடாவின்மேல் நெடுந்தொலைவு பறந்துகொண்டே போயிற்று. நூல் அங்கே முடிகிறது.

நேரம் கடந்துவிட்டதாகத் தலைவர் சைகை காட்டுகிறார். இவ்விரு நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகளையும் வட்டத்தின் நூலகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். முதலில் கேட்பவர் எடுத்துச் செல்லலாம். ஆனால் எழுதுவதை நிறுத்திவிட்ட நம் உறுப்பினர் இருவருக்கும் ஒவ்வொரு பிரதி, அவரவர் பெயரிலேயே, நாளை அஞ்சலில் போகும். உறைமேல் முகவரியை நான் எழுதிவிட்டேன்.